புள்ளி எண் 47

காலை ஐந்தே முக்காலுக்கு நீர் வடிந்து கிடந்தது.
உம்முல் குவைன், காயலின் மேற்குக் கரை.
செயற்கைக்கோள் இந்த இடத்தை
அடர்ந்த அலையாத்தி என்கிறது.
ரொடெல் ஷார்ஜா அலுவலகத்தில் உட்கார்ந்து
இதற்குக் கரும்பச்சை பூசி
ஆறு வாரமாகிறது.

நேரில்
ஒரு கவிழ்ந்த மரப்படகு.
முதுகு முழுக்கப் பாசி.

"படகுன்னு ஒரு வகை இருக்கா?"
என்று இந்தியில் கேட்கிறார் மொஃபிஸுல்,
முழங்கால் சேற்றில், துடுப்பை ஊன்றி.
இல்லை. எங்களிடம் இருப்பவை பன்னிரண்டு.
அலையாத்தியில் அடர்த்தி, சிதறல்;
உமரியில் ஊசித்தண்டு ஒன்று, மணித்தண்டு ஒன்று;
அப்புறம் மணல்மேட்டுப் புல், உப்புத்தரை, இப்படிப் போய்
கடைசியில் "வேறு".
வேறுக்கு நிறம் சாம்பல்.
படகைச் சாம்பலில் போட்டேன்.

சட்டம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
நான்கு பிவிசி குழாய், மூலைகளில் ஆரஞ்சு நாடா.
திரும்பி நின்று
தோளுக்குப் பின்னால் எறிய வேண்டும்,
பார்க்கக் கூடாது என்பது விதி.
பார்க்காமல்தான் எறிகிறேன்.
ஆனாலும் கைக்கு வெறும் மண் பிடிக்கவில்லை,
எப்படியோ செடியாகப் பார்த்து விழுகிறது.

விழுந்த இடத்தில் குனிந்து
எவ்வளவு பச்சை என்று சொல்ல வேண்டும்.
நான் நாற்பது என்கிறேன், அவர் முப்பது.
முப்பத்தைந்து எழுதுகிறோம்.
கண்ணுக்கு ஐந்தைந்தாகத்தான் எண்ணத் தெரியும்,
முப்பத்து மூன்று பச்சையை
யாரும் பார்த்ததில்லை.

வரைபடத்தில்
அலையாத்தி முடிந்து உமரி தொடங்கும் கோடு
மயிர் கனம்.
நடந்தால் பதினோரு எட்டு.
அந்தப் பதினோரு எட்டிலும்
ஒன்றின் காலடியில் மற்றது,
மூச்சுவேருக்கும் மூச்சுவேருக்கும் நடுவே
சிவந்துபோன உமரி.
எந்த எட்டில் கோடு போடுவது?
ஆறாவதில் போட்டேன். சொல்லக் காரணம் இல்லை.

பள்ளியில் நிலத்தை ஐந்தாகப் பிரித்து மனப்பாடம் செய்தேன்.
அந்த விடைத்தாளில் நெய்தலும் பாலையும்
வேறு வேறு பத்தி.
இங்கே இடக்கால் ஈரம், வலக்கால் சுடுமணல்.
ஓர் ஒட்டகம் வயிறு நனைய நின்று
அலையாத்தி இலை தின்கிறது.
இலையின் அடியில் பூத்த உப்பு
அதன் உதட்டில் வெள்ளை.

ஒன்பதரைக்கு நீர் ஏறியது.
ஒன்பதே முக்காலுக்குப் படிவத்திலிருந்து தலை தூக்கினால்
சட்டம் இல்லை.
முனைகளைப் பசை வைத்து அடைத்தது நான்தான்,
உள்ளே காற்று.
மிதந்து போய்க்கொண்டிருந்தது,
அவசரமில்லாமல், ஒரு மூலை முன்னால்.

மொஃபிஸுல் மோட்டார் கயிற்றைப் பிடித்தார்.
இருங்க என்றேன்.

அதற்குள் ஒரு நண்டு வந்தது, போனது.
நீருக்கடியில் கடற்புல், பத்து சதவீதம், பதினைந்து.
அப்புறம் ஒரு பூநாரையின் கால் மட்டும்.
தயிர் டப்பா மூடி.
வெகுநேரம் ஒன்றுமில்லை, வெறும் வானம்,
மூடாக்கு நூறு.
தோள் இல்லை, விதி இல்லை,
எதன்மேலும் ஆசை இல்லை அதற்கு.
நான் படிவத்தின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டே இருந்தேன்,
வெயில் பேனாவைச் சுட்டது.

ஒரு மாதம் கழித்து ரொடெல் போனில் சொன்னான்:
துல்லியம் எண்பத்து மூன்று. எண்பது போதும்.
குரலில் சிரிப்பு.
மீதிப் பதினேழை
அவன் பார்த்ததில்லை.
அதில்தான் எங்கள் செருப்பு ஒன்று புதைந்திருக்கிறது.

சட்டம் கிடைத்தது, அன்று மதியமே.
தீவின் பின்புறம்
இளம் அலையாத்திகள் இரண்டுக்கு நடுவில் மாட்டி,
நீர் வடிய வடிய
மெல்லத் தரையில் அமர்ந்தது.
மூச்சுவேர்கள் அறுபத்து நான்கு.
கன்று மூன்று.
அந்தப் பருவத்தில் யாருமே எறியாமல் விழுந்த ஒரே சதுரம்.

"இதுக்கு நம்பர்?" என்றார் மொஃபிஸுல்.
படிவத்தில் இடம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
47 அ.